அத்தியாயம் 4: உவர்ப்பை நிதானித்தல்

மந்தாரக்குப்பத்தில் கடல்மீன் தொட்டி வைக்க முற்படுகிறவர் எவராயினும், கண்ணாடித் தொட்டியை வாங்கித் தாங்கியின்மீது அமர்த்தி, விளக்கும் பம்பும் பொருத்தி முடித்த மாத்திரத்தில், உற்றாரும் அண்டை வீட்டாரும் அவருக்குச் சொல்லும் யோசனை ஒன்றே: "கடலூர்க் கடல் எவ்வளவு தூரம்? ஒரு வண்டியைப் பிடித்து நாலு கேன் மொண்டு வந்தால் தீர்ந்தது. உப்புக்குப் போய் யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பார்களா?" நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் இருக்கிற இந்த ஊரிலிருந்து கடல் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது என்பதாலும், கடல்மீனுக்குக் கடல்நீரைவிடப் பொருத்தமான நீர் வேறில்லை என்பது குழந்தைக்கும் தெரியும் என்பதாலும், இந்த யோசனையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் இதை ஏற்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணத்தை விளங்கிக்கொண்டவருக்கு உவர்ப்பைப் பற்றிய சாஸ்திரத்தில் பாதி விளங்கிவிடும் என்பதால், முதலில் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு கிலோ சமுத்திர ஜலத்தில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இதையே ஆயிரத்துக்கு 35 என்கிறோம், இனி இந்த அத்தியாயத்தில் வெறுமனே 35 என்று குறிப்பதும் அதையே. இந்த உப்புகளில் குளோரைடு 55 சதவீதம், சோடியம் 30 சதவீதத்துக்குச் சற்று மேல், சல்பேட் 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ், மக்னீசியம் 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ். கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தைச் சிறிதே தாண்டும். 1872 முதல் 1876 வரை உலகத்தின் பெருங்கடல்களைச் சுற்றி வந்த 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பரிசோதித்து, வில்லியம் டிட்மார் என்னும் ரசாயன அறிஞர் 1884-இல் வெளியிட்ட முடிவு, உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடினாலும் குறைந்தாலும், அந்த உப்புகள் தம்முள் கொண்டுள்ள விகிதம் பெருங்கடலில் எங்கும் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது என்பதாகும். கனத்தையோ ஒளி வளையும் அளவையோ, ஏதேனும் ஒரே ஒரு குணத்தை அளந்து முழு உவர்ப்பையும் நிர்ணயித்துவிட நமக்கு இயலுகிறதென்றால், அது இந்த விகிதம் நிலையாக இருப்பதால்தான்.

மளிகைக் கடை உப்பு தொட்டிக்கு ஆகாது என்பதற்கும் காரணம் இந்த விகிதமே. மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ உப்பளத்துப் பாத்தியில் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம் படிகிறது, அதற்கும் பிறகே நாம் உண்ணும் உப்பு விளைகிறது. விளைந்த உப்பை வாரிய பின்னர் எஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே கல்லுப்பு கடலின் காய்ந்த வடிவம் அன்று. கடலில் இருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்த பண்டம். அதை 35 வரும்வரை கரைத்தால் கருவி 35 காட்டும், நீரும் வாயில் கரிக்கும், ஆனால் மீனும் நத்தையும் அதில் நெடுநாள் பிழைத்திரா.

விகிதம் மாறாதது, மொத்தம் மாறக்கூடியது என்னும் இந்த உண்மையை மனத்தில் கொண்டு நம் கடற்கரையை நோக்கினால், அண்டை வீட்டாரின் யோசனைக்கு விடை கிடைக்கிறது. வங்காள விரிகுடா உலகக் கடல்களில் மிகுதியாக நன்னீர் பெறுகிறவற்றுள் ஒன்று. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணையும் தென்மேற்குப் பருவத்தில் கொண்டுவந்து கொட்டும் வெள்ளம், ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பும்போது நம் கரைக்கு வந்து சேர்கிறது. அதே சமயத்தில் வடகிழக்குப் பருவமழை நம் தலைமீதே பெய்கிறது. தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் ஒருங்கே பெருகுகின்றன. சித்திரையில் 33-க்கும் 35-க்கும் இடையில் நிற்கும் கரையோரக் கடல், மழைக்காலத்தில் இருபதுகளில் இறங்குவதும் உண்டு. முகத்துவாரத்தின் அருகிலோ, ஓதம் ஏறும்போது ஓர் அளவும் வற்றத்தில் வேறோர் அளவுமாக ஒரே நாளிலேயே மாறும். வைகாசியில் ஒரு தடவையும் கார்த்திகையில் ஒரு தடவையும் அதே மணலில் நின்று மொண்ட நீர் இரண்டு வெவ்வேறு நீர்கள்தாம்.

இதற்குமேல் அழுக்கின் பிரச்சினை இருக்கிறது. நம் நெய்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க நீரையும் சுமந்துகொண்டு ஓடும் பரவனாறு கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு கலக்கிறது. அந்த உப்பனாற்றின் கரையில்தான் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையின் பக்கத்திலேயே கெடிலம் ஊரின் கழிவோடு கடலை அடைகிறது. குளிக்கவும் காற்று வாங்கவும் அந்தக் கரை உகந்ததாயிருக்கலாம். 150 லிட்டர் நீருக்குள் தப்ப வழியின்றி வாழப்போகும் ஜீவராசிகளுக்கு அந்த நீரைக் கொடுப்பது வேறு விஷயம். கடல்நீர்தான் வேண்டும் என்று பிடிவாதமாயிருப்பவர், சித்திரைக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆற்றுமுகங்களை விட்டு விலகி, படகுக்காரர் ஒருவரின் உதவியால் அலை உடையும் இடத்துக்கு அப்பால் சென்று, ஓதம் நிறைந்திருக்கும் வேளையில் மொண்டுவந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் வெளிச்சம் படாமல் சில வாரம் வைத்துத் தெளியவிட்டு, அளந்து பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். இத்தனை பிரயாசையையும் வண்டிச் செலவையும், நீரை மாற்றவேண்டிய ஒவ்வொரு முறையும் இது திரும்ப வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடல்நீரின் விகிதத்திலேயே உப்புகளைக் கலந்து கடையில் விற்கும் மரைன் சால்ட்டை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துக்கொள்வதே நம் ஊருக்கு மலிவும் நிச்சயமும் ஆகும்.

இனி, எந்த அளவை நாடுவது என்பது. 35 என்பது சட்டமா என்று கேட்டால், எந்தப் பிராணிக்கு என்று திருப்பிக் கேட்கவேண்டும். எலும்புள்ள கடல்மீனின் குருதியில் உள்ள உப்பு, சுற்றியுள்ள கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகையால் அதன் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியே இழுக்கப்படுகிறது. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, அதனோடு வரும் மிகை உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்கென ஒரு யந்திரம் உள்ளிருப்பதால், உவர்ப்பு சற்றுக் குறைந்திருந்தாலும் மீன் சமாளிக்கும். சொல்லப்போனால் அதன் பாடு சிறிது இலகுவாகும். நம் மாவட்டத்திலேயே இதற்குப் பிரத்தியட்ச உதாரணம் உண்டு: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தில், பவளப்பாறைகளுக்குரிய க்ளவுன் மீன்களை, பெருங்கடலைவிட உவர்ப்புக் குறைந்த வெள்ளாற்றுக் கழிமுக நீரைக்கொண்டே வளர்த்து, முட்டையிடவும் குஞ்சு பொரிக்கவும் செய்திருக்கிறார்கள். ஆனால் நட்சத்திர மீனுக்கும் கடல் அனிமோனுக்கும் அந்த யந்திரம் இல்லை. வெளியே உள்ள உவர்ப்பு எதுவோ அதுவே அவற்றின் உள்ளேயும். ஆகவே மீன் மட்டும் வைப்பவர் 30-லிருந்து 33 வரை ஏதேனும் ஓர் அளவைத் தேர்ந்துகொள்ளலாம். முதுகெலும்பில்லாத பிராணிகளையும் வைப்பவர் 34 அல்லது 35-ஐ விட்டு அசையலாகாது. எதைத் தேர்ந்தாலும் அதைப் பின்னர் மாற்றாமல் காப்பதே காரியம்; 32-இல் ஆண்டு முழுதும் நிற்கும் தொட்டி, 35-ஐத் தொட்டுத் தொட்டு மீளும் தொட்டியைவிட எவ்வளவோ மேலானது.

அளவைத் தேர்ந்த பிறகு நீரைத் தேடி ஓடுகிறவர்களே மிகுதி. நானோ முதலில் கருவியைச் சரிபாருங்கள் என்பேன். பிழையான கருவியை வைத்துக்கொண்டு கூட்டிய நீரைத் திருத்த முற்படுகிறவர், ஒவ்வொரு திருத்தத்திலும் தவறைப் பெருக்கிக்கொண்டே போவார்.

மலிவான கருவி ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாயாக மிதப்பதும் உண்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் முள் நிமிர்வதும் உண்டு. இரண்டும் நீரின் கனத்தையே அளக்கின்றன. நன்னீரை 1 என்று கொண்டால் 25 டிகிரி உஷ்ணத்தில் 35 உவர்ப்புள்ள நீரின் ஒப்படர்த்தி 1.0264 ஆகும், கடைக்காரர்கள் 1.025, 1.026 என்று பேசுவது இதைத்தான். நீரின் கனமோ உஷ்ணத்தால் மாறுவது. 25 டிகிரிக்கென அடையாளமிட்ட கண்ணாடிக் குழாயை, நம் ஊரில் கோடைக்காலத்துத் தொட்டி சாதாரணமாக எட்டும் 30 டிகிரி நீரில் மிதக்கவிட்டால், உண்மையைவிட ஏறத்தாழ 2 குறைவாகக் காட்டும். குளிர்தேசத்தாருக்காக 15 டிகிரியை ஒட்டி அடையாளமிட்ட குழாயோ 5-க்கு மேலேயே குறைத்துக் காட்டும். அதை நம்பி உப்பைக் கூட்டுகிறவர் 40-ஐ நெருங்கிவிட்டதை அறியாமலே, மீன்கள் ஏன் வாடுகின்றன என்று வியந்துகொண்டிருப்பார். குழாயின்மேல் எந்த உஷ்ணத்துக்கு உரியது என்று பொறித்திருப்பதைப் படிக்காமல் அதை வாங்கவே கூடாது. முள் வகையிலோ, முள்ளில் ஒட்டும் காற்றுக் குமிழியும் காய்ந்த உப்புத் துகளும் கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி வைக்கவேண்டும்.

அதைவிட நம்பத்தக்கது ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு மூன்று சொட்டு நீரைக் கண்ணாடிப் பட்டகத்தின்மேல் விட்டு, மூடியைச் சாய்த்து, அரை நிமிஷம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோட்டில் அளவு தெரியும். பொறுக்கச் சொல்வது வீண் அல்ல. சொட்டும் கருவியும் ஒரே உஷ்ணத்துக்கு வரவேண்டும். தானே உஷ்ணத்தைச் சரிக்கட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதி பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான் செல்லும். அக்கினி நட்சத்திரத்துப் பிற்பகலில் மந்தாரக்குப்பத்து வீட்டு அறை அந்த எல்லைக்குள் இருப்பதில்லை. விடியற்காலையில் அளப்பதை வழக்கமாக்கிக்கொள்வது நலம்.

இந்தக் கருவியைப் பூஜ்யத்தில் சரிசெய்ய, பெட்ரோல் பங்குகளில் பேட்டரிக்கு ஊற்றக் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஆனால் பூஜ்யத்தில் சரியாயிருக்கும் கருவி 35-இலும் சரியாயிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விற்கப்படும் கருவிகளில் பல, கடல்நீருக்காக அன்றிச் சாதாரண உப்புக் கரைசலுக்காக அடையாளமிடப்பட்டவை. அவை 35 உள்ள கடல்நீரை 36.5 என்று காட்டும். ஆகையால் 35-க்கென விற்கும் சோதனைத் திரவத்தாலும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: பொடியுப்பை வாணலியில் லேசாக வறுத்து ஈரம் போக்கி, ஆறிய பின் 36.5 கிராம் நிறுத்து, 963.5 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் முழுதும் கரைத்தால், அந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவு 35 உள்ள கடல்நீர் வளைக்கும் அளவுக்குச் சமமாயிருக்கும். கருவி அதை 35 என்று காட்டும்படி திருகைத் திருப்பி வைக்கவேண்டியதுதான். ஒரு கிலோவாகச் செய்யச் சொல்வது, தராசின் சிறு பிழை பெரும் அளவில் கரைந்துபோகும் என்பதற்காக. மாதம் ஒருமுறை இதைச் செய்கிறவருக்கு இந்தக் கரைசல் நெடுங்காலம் வரும். ஆவியாகாதபடி மூடி மட்டும் இறுக்கமாயிருக்கட்டும். மளிகை உப்புக்கு நம் கலையில் உள்ள பிரயோஜனம் இது ஒன்றே.

நீரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வீட்டு ஆர்.ஓ. யந்திரத்தில் சுவைக்காகக் குழாய் நீரைச் சிறிது கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் ஒன்று இருக்கும்; தொட்டிக்கு நீர் பிடிக்கும்போது அதை மூடிவிட்டு, டி.டி.எஸ். மீட்டரில் 10-க்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். 20 லிட்டர் கேன்களில் வருவது குடிப்பதற்கென ஆக்கப்பட்டது. அளந்து பாராமல் ஊற்றலாகாது. போர் தண்ணீரின் 500 டி.டி.எஸ். உவர்ப்பில் கூட்டுவது அரைப் புள்ளியே ஆயினும், அந்த அரைப் புள்ளிக்குள் நைட்ரேட்டும் சிலிகேட்டும் என்னென்னவோ இருக்கக்கூடும். அவை பாசிக்கு விருந்து. ஏ.சி. யந்திரத்திலிருந்து சொட்டும் நீர் தூயது என்று எண்ணிச் சேகரிப்பவர்களும் உண்டு. செப்புக் குழாயைத் தழுவி வரும் அந்த நீர் முதுகெலும்பில்லாப் பிராணிகளுக்கு நஞ்சு.

இப்போது கூட்டுதல். 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். கல்லும் மணலும் மேல்வாயில் விடும் வெற்றிடமும் போக, உண்மையில் நிற்கும் நீர் 150 லிட்டர் அளவே. இந்த வித்தியாசத்தை மறந்து 190-க்கு உப்பு நிறுப்பது புதியவர்களின் வழக்கம். மரைன் சால்ட் தன்னுள் சிறிது ஈரத்தைக் கொண்டிருப்பதால், 35 வருவதற்கு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை வேண்டியிருக்கும். 150 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோவை ஒட்டிவரும். பையை முதலில் குலுக்கிப் புரட்டிவிட்டு, கணக்கிட்டதில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொண்டு, மற்றதைப் பவர்ஹெட் என்னும் சிறு பம்பால் சுழலவிட்ட நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவவேண்டும். நீரில் உப்பைப் போடுவதேயன்றி உப்பின்மேல் நீரை ஊற்றுவது கூடாது. அப்படி ஊற்றினால் அடியில் திரளும் அடர்ந்த கரைசலில் சுண்ணாம்புச் சத்து பிரிந்து வெண்தூளாகப் படிந்துவிடும், அதைத் திரும்பக் கரைக்க வழியில்லை. முதல் முறை வெறுந்தொட்டியிலேயே கலக்கலாம்; ஒரு மீன் உள்ளே வந்துவிட்ட பிறகு எப்போதும் தனி டிரம்மில்தான். நம் ஊரில் காற்றோடு வரும் சாம்பலும் கரித்தூசியும் விழாதிருக்க டிரம்முக்கு மூடி அவசியம். ஒரு நாள் முழுதும் சுழன்று நீர் பளிங்குபோல் தெளிந்த பிறகு அளக்கவும். கலங்கியிருக்கும்போது எடுத்த அளவு நம்பத்தக்கதன்று.

அளவு 38 என்று வந்தால் கலங்க வேண்டாம்: 150 லிட்டரில் 12 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் 35 ஆகும். 32 என்று வந்தால், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பைத் தொட்டியிலிருந்தே எடுத்த நீரில் தனியே கரைத்துச் சேர்க்கவேண்டும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறுவதற்குத் தேவையான முதல் நாலைந்து வாரங்களில் இந்தத் திருத்தங்களை ஒரே மூச்சில் செய்யலாம். பிராணிகள் வந்த பின்னர் ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் நகர்த்தலாகாது. அதிலும் உவர்ப்பை ஏற்றுவது, இறக்குவதைவிட மீனுக்குக் கடினம்.

சரியாக நிறுத்திய உவர்ப்பை ஏறவும் இறங்கவும் செய்பவை இரண்டு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உஷ்ணத்தைத் தணிக்கத் தொட்டியின்மேல் விசிறி வைப்பவருக்கு, அந்தக் குளிர்ச்சி முழுதும் ஆவியாதலின் பயனே என்பதால், நீர் மிக விரைவாகக் குறையும். நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே 35 என்பது 37-ஐ நெருங்கிவிடும். ஆகவே கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு வரையில் உப்பில்லா ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பவேண்டும், உப்பு நீரால் நிரப்புகிறவர் உப்பின்மேல் உப்பைச் சேர்க்கிறார். இதற்கு நேர்மாறாக, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் அந்த நுரையோடு வெளியேற்றும் நீரும் விளிம்புகளில் பூத்துக் காயும் வெண்ணிற உப்பும் தொட்டியிலிருந்து உப்பைக் கொண்டுபோகின்றன. அந்த நஷ்டத்தையும் ஆர்.ஓ. தண்ணீராலேயே ஈடுசெய்து வந்தால் சில மாதத்தில் உவர்ப்பு மெல்ல இறங்கியிருக்கும். வாரம் ஒருமுறை அளந்து தேதியிட்டு எழுதிவைக்கும் நோட்டு ஒன்று இருந்தால் இரண்டும் அகப்பட்டுவிடும்.

கடைசியாக, மீன் வாங்கப் போகும் நாளைப் பற்றி. கடல் அட்டை, கடற்குதிரை, பாறை கட்டும் பவளங்கள் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை என்பதால், உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று எவர் நீட்டினாலும் வாங்காதிருங்கள். பவளத்துக்குப் பதிலாகச் செயற்கைக் கல்லே போதும். மீனைப் பொறுத்தவரை, கொளத்தூர்க் கடைகளானாலும் புதுச்சேரிக் கடைகளானாலும், நோயை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் விற்பனைத் தொட்டிகளின் உவர்ப்பைத் தாழ்த்தி வைப்பது பல இடங்களில் வழக்கம். 25-இல் இருந்த மீனை 35-க்குள் ஒரு மணி நேரத்தில் இறக்கினால், சொட்டுச் சொட்டாகவே நீரைக் கலந்தாலும், அதன் உடல் ஈடுகொடுப்பது அரிது. நெடும் பயணம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு பல மணி நேரம் சொட்டு விடுவதோ, பையில் சேர்ந்துள்ள அம்மோனியாவைக் கொடிய நஞ்சாக்கும். பையின் உவர்ப்புக்குச் சமமாக ஒரு சிறு தனித் தொட்டியைக் கூட்டி அதில் மீனை விட்டு, நாளுக்கு ஒரு புள்ளியாக உயர்த்திப் பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுவதே சரியான முறை. ஆகையால் ரிஃப்ராக்டோமீட்டரைப் பையில் எடுத்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள். மீன் நிற்கும் தொட்டியின் நீரில் இரண்டு சொட்டுக் கேளுங்கள். அளக்க விடாத கடையில் மீன் வாங்காதீர்கள்.